வலியும் ஓர் அலாரம்தான்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உடல் நலம் பற்றி அரை மணி நேரம் பேசு" என்று செயலாளர் சொன்னபோது, "அண்ணே, நான் டாக்டர் இல்லையே" என்றேன். "டாக்டரைக் கூப்பிட்டா, பேச்சு முடிஞ்சதும் எல்லாரும் வரிசையில நின்னு மருந்துச் சீட்டு கேப்பாங்க. நீயே பேசு" என்று சொல்லிவிட்டார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. தொழிற்சாலையில் சென்சார், கேஜ், அலாரம் ஆகியவற்றோடு பன்னிரண்டு வருஷமாகப் பழகி வரும் ஓர் இன்ஸ்ட்ருமென்டேஷன் எஞ்சினியர். வலியைப் பற்றிய புதிய ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க, இது என் தொழிலுக்கு மிகவும் நெருங்கிய விஷயமாக இருக்கிறதே என்று தோன்றியது. அந்தக் கோணத்தில்தான் பேசப் போகிறேன்.

இந்தச் சந்திப்புக்காக எங்கள் பேட்ச் நண்பர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தோம். முப்பத்தைந்து வயதைச் சுற்றி இருப்பவர்கள்தான். முதல் ஐந்து நிமிஷம் வேலை, குடும்பம், குழந்தைகள். அடுத்த ஐந்து நிமிஷம் கழுத்து, இடுப்பு, முழங்கால், தலைவலி! இது நம் பேட்சின் விசேஷம் ஒன்றுமில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு கீழ்முதுகு வலி இருந்தது. மனிதர்களை இத்தனை ஆண்டுகள் முடக்கிப் போடும் வேறொரு தொந்தரவு உலகில் இல்லை.

சரி, வலி என்றால் என்ன? உடம்பில் எங்கோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, எவ்வளவு கெட்டதோ அவ்வளவு வலிக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அதாவது பாய்லரில் பொருத்திய பிரஷர் கேஜ் மாதிரி, சேதம் ஏறினால் முள்ளும் ஏறும் என்று. ஆனால் இரண்டு சம்பவங்களைக் கேளுங்கள்.

1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த செய்தி இது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்று அவருடைய பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலும் துடித்தார். மயக்கமும் வலி மருந்தும் கொடுத்துத்தான் ஆணியை எடுத்தார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஆணி இரண்டு கால்விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை!

இதற்கு நேர் எதிரானது இரண்டாவது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ முனையில் காயம்பட்ட வீரர்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 1946-இல் எழுதினார். பெருங்காயம் பட்டு வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் வலிக்கு மருந்து வேண்டும் என்று கேட்டாராம். போர்க்களத்தில் இருப்பவனுக்குக் காயம் என்றால், "உயிரோடு வீட்டுக்குப் போகலாம்" என்று அர்த்தம்.

முதல் ஆளுக்குக் காயம் இல்லை, வலி உண்டு. இரண்டாமவருக்குக் காயம் உண்டு, வலி இல்லை. எந்த கேஜாவது இப்படிக் காட்டினால் அதைக் கழற்றித் தூர எறிந்துவிடுவோம். அப்படியானால் வலி என்பது கேஜ் இல்லை. அது ஓர் அலாரம். "ஆபத்து இருக்கிறதா, இல்லையா?" என்று மூளை எல்லாத் தகவல்களையும் சேர்த்து ஒரு முடிவெடுக்கிறது, ஆபத்து என்று முடிவானால் மணி அடிக்கிறது. அந்தத் தொழிலாளிக்கு வந்தது நடிப்பு அல்ல, முழுக்க முழுக்க நிஜமான வலி. அவருடைய மூளைக்குக் கிடைத்த தகவல் அப்படி.

இதற்கு அறிவியல் அடித்தளம் போட்டவர்கள் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர். 1965-இல் அவர்கள் ஒரு கருத்தைச் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. கீழிருந்து வரும் வலிச் செய்தி அந்தக் கதவைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். மூளையிலிருந்து வரும் உத்தரவும், தொடுதல் போன்ற மற்ற உணர்வுகளும் அந்தக் கதவை மூடவோ திறக்கவோ முடியும் என்றார்கள். அந்தக் கொள்கையில் பிறகு பல திருத்தங்கள் வந்துவிட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது. குழந்தை தலையை இடித்துக்கொண்டால் அம்மா ஓடிவந்து தேய்த்துவிட்டு, "ஒண்ணுமில்லடா கண்ணு" என்கிறாளே, அவள் ஒரே நேரத்தில் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் கதவைச் சாத்துகிறாள்!

இந்த அலாரத்தின் செட் பாயிண்ட் மாறும் என்பதுதான் அடுத்த விஷயம். 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், நம் வீட்டு மிளகாயை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்தார். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எந்த சென்சாரைத் தொடுகிறது என்று தேடி, 1997-இல் கண்டுபிடித்தார். அதே சென்சார்தான் ஏறக்குறைய 43 டிகிரி சூட்டிலும் வேலை செய்கிறது. அதனால்தான் மிளகாயைக் கடித்தவன் "எரியுது, எரியுது" என்று கத்துகிறான். ஆனால் அந்த இடத்தில் புண்ணோ வீக்கமோ வந்தால் அங்கே ஊறும் ரசாயனங்கள் இந்த 43-ஐக் கீழே இறக்கிவிடுகின்றன. வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே எரிகிறது. புண் ஆறும்வரை அந்த இடத்தை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள இயற்கை செய்த ஏற்பாடு இது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சிலருக்குப் புண் ஆறிய பிறகும் செட் பாயிண்ட் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. தண்டுவடமும் மூளையும் கூட அந்த உஷார் நிலையிலேயே பழகிப்போகின்றன. எங்கள் பிளான்ட்டில் புகை டிடெக்டர் ஒன்றின் சென்சிடிவிட்டி கூடிப்போனால், கேன்டீனில் தோசை சுட்டாலே சைரன் ஊதும். சைரன் பொய்யில்லை, காது கிழியத்தான் ஊதும். ஆனால் தீ இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிகளில் பலவற்றுக்கு இந்தக் கதைதான். சைரன் ஊதும்போதெல்லாம் அதன் வாயில் துணியை அடைப்பது ஒரு வழி. வலி மாத்திரை செய்வது அதைத்தான். சென்சிடிவிட்டியைச் சரிசெய்வது இன்னொரு வழி. மருந்தில்லாத வழிகள் என்று நான் சொல்வது இந்த இரண்டாவதை.

இங்கே ஒரு நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எங்கள் ஹாஸ்டல் டீமின் வேகப்பந்து வீச்சாளன் என்றால் எங்கள் பேட்சுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்தார்கள். "டிஸ்க் பல்ஜ், தேய்மானம்" என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் தன் மகளைத் தூக்கவில்லை. வலிக்கு அவன் பயப்படவில்லை. "டிஸ்க் வெளிய வந்துட்டா வாழ்நாள் முழுக்கப் படுக்கைதானேடா" என்பதுதான் பயம். இரண்டரை வயதுக் குழந்தை கையை நீட்டிக்கொண்டு வரும்போது இவன் ஒரு அடி பின்னால் போவானாம்.

அவனுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015-இல் இதுபோன்ற பல ஆய்வுகளைத் தொகுத்து, வலியில்லாத 3,110 பேரின் கணக்கைப் போட்டார்கள். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிகிறது. எண்பது வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதுபோல, முதுகுக்குள்ளும் நரைக்கிறது, அவ்வளவுதான். "தேய்மானம்" என்றதும் நம்மைப் போன்ற எஞ்சினியர்களுக்கு பேரிங் ஞாபகம் வந்துவிடுகிறது. பேரிங் ஓட ஓடத் தேயும். உடம்பு அப்படி இல்லை; அளவாகச் சுமை கொடுத்தால் எலும்பும் தசையும் அந்தச் சுமைக்கு ஏற்ப வலுவாகும். எந்த பேரிங் அப்படிச் செய்கிறது, சொல்லுங்கள்?

சரி, வழி என்ன? முதலில் படுக்கை. "ஆடாம அசையாமப் படு" என்பதுதான் நம் பெரியவர்கள் சொன்னது. 1986-இல் அமெரிக்காவில் 203 முதுகுவலிக்காரர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாளும் மற்றவர்களை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி இருவருக்கும் வித்தியாசம் இல்லை. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்கள் 186 பேரைப் பார்த்தார்கள். படுத்தவர்களையும், அந்த வலியோடு தனியாக முதுகுப் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே சீக்கிரம் குணமானார்கள்.

அடுத்தது மாத்திரை. 2014-இல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கு மேற்பட்ட புதிய முதுகுவலிக்காரர்களுக்கு பாராசிட்டமாலும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள் குணமாக 17 நாள். வெற்று மாத்திரைக்கு 16 நாள்! 2023-இல் அதே நாட்டில் அபின் வகை மருந்தைச் சோதித்தார்கள். புதிதாக வந்த முதுகுவலி, கழுத்துவலிக்கு ஆறு வாரத்தில் அது வெற்று மாத்திரையைவிட ஒரு பயனும் தரவில்லை. இந்த வகை மருந்தை 1990-களின் பிற்பகுதியிலிருந்து தாராளமாக எழுதிக் கொடுத்ததில் தொடங்கியதுதான் அமெரிக்காவின் பெருந்துயரம். பிறகு அது கள்ளச் சந்தைக்கும் போய், 2021 என்ற ஒரே ஆண்டில் அபின் வகைப் பொருள்களால் அங்கே 80,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் ஊரில் பிரச்சினை வேறு. மெடிக்கல் ஷாப்பில் "இடுப்பு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோமே, அந்த வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கக்கூடியவை. வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் இப்படிச் சாப்பிடுகிறார்களா என்று இன்று இரவே கேளுங்கள்.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டுதலில், முதுகுவலிக்கு முதலில் மருந்தில்லாத வழிகளைப் பாருங்கள் என்றது. புதிய வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் மசாஜும். நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி, யோகா, மனப்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென்றே வெளியிட்ட வழிகாட்டுதலும் விளக்கம் சொல்வதையும் உடற்பயிற்சியையும் ஆதரிக்கிறது. நாம் நம்பிக் கட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் வேண்டாம் என்கிறது.

எல்லாவற்றிலும் எளியது நடை. 2024-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலி வந்து தேறியிருந்த 701 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு பிசியோதெரபிஸ்ட் துணையோடு நடை; கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆறு மாதத்துக்குள் தினம் 30 நிமிஷம், வாரம் ஐந்து நாள் என்பது இலக்கு. நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் வலி திரும்பி வந்தது. நடந்தவர்களுக்கு அதுவே 208 நாள். காசு செலவில்லை, செருப்பு தேயும், அவ்வளவுதான்.

அலாரத்தை நேராகவே சரிசெய்யப் பார்த்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 151 பேரைக் கொண்டு நடத்தி, 2022-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நாலு வாரம், "இந்த வலி நிஜம், ஆனால் ஆபத்து இல்லை" என்று மூளைக்குப் புரியவைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி போயே போனது, அல்லது ஏறக்குறைய போனது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 10 சதவீதம். ஒரே ஊரில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் அளவோடுதான் நம்ப வேண்டும். ஆனால் திசை தெரிகிறது. 1978-லேயே சான் பிரான்சிஸ்கோவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஒன்றைக் கண்டார்கள். வெற்று மருந்தால் குறைந்த வலி, அபினை முறிக்கும் மருந்தைக் கொடுத்ததும் திரும்பி வந்தது. அதாவது உடம்பே தனக்குள் ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறது. நம்பிக்கை வந்தால் கடை திறக்கிறது; பயம் வந்தால் ஷட்டர் இறங்குகிறது.

என் நண்பன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். தெருவைச் சுற்றிப் பத்து நிமிஷ நடை. பிறகு இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைப்பது. பிறகு ஐந்து, எட்டு, பத்து. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று அலாரத்துக்கே பாடம் எடுத்த மாதிரி. ஏழு மாதத்தில் பதினான்கு கிலோ மகளைத் தூக்கினான். வலி முழுதாகப் போகவில்லை, மாதத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்க்கிறது. பயம் போய்விட்டது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். கடைசி வரிசை நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. முழங்கால் தேய்மானம் உள்ள, உடல் எடை கூடிய 142 பேரை அளந்து 2005-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மூட்டில் நாலு கிலோ சுமை குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு காலுக்கு 650 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 13 டன்! 2013-இல் 454 பேரை வைத்து 18 மாதம் நடத்திய ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களையும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களையும்விட, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

தலைவலிக்காரர்களுக்கு ஒரு செய்தி. 2021-இல் ஒற்றைத் தலைவலி உள்ள 182 அமெரிக்கர்களின் சாப்பாட்டை 16 வாரம் மாற்றிப் பார்த்தார்கள். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைக் கூட்டி, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களில் நிறைந்த லினோலெயிக் அமிலத்தைக் குறைத்தார்கள். வழக்கமான சாப்பாட்டுக்காரர்களோடு ஒப்பிட, மாதத்தில் தலைவலி நாட்கள் ஏறக்குறைய நாலு குறைந்தன. வாழ்க்கைத் தரத்துக்கான மதிப்பெண்ணில் தெளிவான மாற்றம் இல்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் காஸ்ட்லியான கேப்சூல் வேண்டாம். நம் மத்தி மீனிலும் கானாங்கெளுத்தியிலும் அந்தக் கொழுப்பு ஏராளம். சைவர்களுக்கு ஆளி விதை உண்டு. ஆனால் அதை மீன்கொழுப்பாக மாற்றும் திறன் நம் உடம்புக்குக் குறைவு.

டப்பாவில் வருவதையெல்லாம் நம்பவும் வேண்டாம். மூட்டுக்கு என்று விற்கும் குளுக்கோசமின், 2006-இல் 1,583 பேரிடம் சோதித்தபோது மொத்தத்தில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. வைட்டமின் டி மாத்திரை, 2022-இல் வெளியான 25,871 பேரின் ஆய்வில் எலும்பு முறிவைக் குறைக்கவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது வேறு விஷயம், அதை நிறுத்தாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. 2019-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓர் இரவு தூங்காத இளைஞர்களின் காலில் சூடு வைத்து அளந்தார்கள். தூங்கிய நாளைவிடக் குறைந்த சூட்டிலேயே வலித்தது. பரீட்சைக்கு முன்னால் விடிய விடிய முழித்திருப்பவர்கள் அலாரத்தின் செட் பாயிண்டைத் தாங்களே இறக்கிக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அலாரம் பல நேரம் மிகையாக அடிக்கும் என்பதால் எப்போதும் அப்படித்தான் என்று இருந்துவிடக் கூடாது. முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால், தொடை இடுக்கில் மரத்துப்போனால், கால் பலம் இழந்தால், காய்ச்சலோ காரணமில்லாத எடை இழப்போ இருந்தால், விழுந்து அடிபட்டிருந்தால், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தால், உடனே மருத்துவமனை. நெஞ்சு அடைத்து வலி தோளுக்குப் பரவினாலும், இடி விழுந்த மாதிரி திடீர்த் தலைவலி வந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். தினசரி சாப்பிடும் மாத்திரை எதையும் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம். இந்த வருஷம் மைதானத்தைச் சுற்றி நாலு விளக்கு போட்டு, சாயங்காலம் எட்டு மணி வரை திறந்து வைக்க முதல்வர் அவர்களிடம் அனுமதி கேட்போம். மாணவர்களும் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் உள்ளூரில் இருக்கும் நாமும் நடக்கட்டும். விளக்குகளுக்கான செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. வயரிங் வேலையை நானே பார்த்துத் தருகிறேன்.